கங்கா ஜமுனா விற்பனைக்கு இல்லை

காலையில் குளித்துவிட்டு, துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கூடத்துத் தரையில் விரித்தேன். மூலைகளை இழுத்துவிட்டு, நடுவில் உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டினேன். பட்டுக் கடையில் விற்பனைக்கு உட்கார்ந்து பழகிய கை இது. புடவைக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் விரிப்பைத் தட்டாவிட்டால் எனக்கு வாயில் பேச்சே வராது.

அன்றைக்கு என் வீட்டில் விற்கப் போனது புடவை இல்லை. பெர்ஷியன் பூனைக்குட்டிகள்.

முதல் ஆளாக வந்து எதிரே சம்மணம் போட்டிருந்தவர் அன்வர் பாய். ஊரில் ஜரிகைக் கடை வைத்திருப்பவர். எங்கள் கடைக்கு வந்து போவதில் பல வருஷப் பழக்கம். மகளை ஆம்பூரில் கட்டிக் கொடுத்து அனுப்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று இருப்பதாகப் போனிலேயே சொல்லியிருந்தார். "ஷமீம் என்கிட்ட பேசறதே இல்லப்பா. வாசல்ல போற பூனைகிட்டதான் பேசிக்கினு இருக்குது. அதான் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்னு." ஷமீம் என்பது அவர் மனைவி.

நான் விரிப்பை மறுபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூன்று குட்டிகளை ஒவ்வொன்றாக வேட்டியில் இறக்கிவிட்டேன். பாய் அவற்றைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். உள் அறைத் திரைக்கு அடியிலிருந்து நான்காவது குட்டி வந்துகொண்டிருந்தது. முழு வெள்ளை. ஒரு கண் நீலம், மற்றது தேன் நிறம். நேராக நடந்துவந்து, நான் தட்டிய அதே இடத்தில், வேட்டியின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"இது," என்றார் பாய்.

அது ஒன்றுதான் விற்பனைக்கு இல்லாதது. அதை உள்ளே விட்டுத் திரையை இழுத்துவிட்டுத்தான் என் மனைவி கலா டீக்குப் பால் வாங்கப் போயிருந்தாள்.

சந்தனம் வந்த கதை

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் கடையைப் பற்றியே எழுதித் தள்ளிவிட்டேன். "வீட்ல நடந்தது ஒண்ணுகூட உங்களுக்கு ஞாபகம் இல்லியா?" என்று கலா கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். அதனால் இந்த முறை வீட்டுக்குள் வருகிறேன். ஆனால் பாருங்கள், வீட்டுக்குள் வந்தாலும் கடை கூடவே வருகிறது.

பெர்ஷியன் பூனை வளர்க்கிற வசதியோ ஆசையோ எங்களுக்குக் கிடையாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தது. கல்யாணம் முடிந்ததும் எல்லோரும் வெளிநாட்டுக்குக் குடிபோகிறார்களாம். அந்த அம்மா முகூர்த்தப் புடவையைப் பார்க்கிற நேரத்தில் போனில் தன் பூனையின் படத்தைக் காட்டிக் கண்கலங்கினார். "இத யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னே தெரியலப்பா."

எதிரில் முகூர்த்தப் புடவை விரிந்து கிடக்கிறது. வாடிக்கையாளர் அழுகிறார். நான் என்ன செய்வேன்? "கவலைப்படாதீங்கம்மா, நம்ம வீட்ல விடுங்க, ராணி மாதிரி பாத்துக்கறோம்" என்றேன். அது கடைக்காரன் வாய். 'உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குது' என்று தினமும் சொல்கிற வாய். அதை யார் மெனக்கெட்டு நம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நம்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கார் வந்து நின்றது. கூண்டு, சீப்பு, மெத்தை, ஜாதிப் பேப்பர் சகிதம் பூனை இறங்கியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் கலா. கோபம் வந்தால் அவள் பேச்சிலிருந்து மரியாதை முதலில் கிளம்பிப் போய்விடும். ஒரு வாரத்தில் பூனை அவள் தலையணையில் தூங்கியது. நான் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். அதன் நிறத்தைப் பார்த்து நான்தான் சந்தனம் என்று பேர் வைத்தேன். எனக்குக் கலர் பேர்தான் வரும், சாமி பேரெல்லாம் கலாவின் இலாகா.

சந்தனத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது தனிக் கூத்து. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டில் அதே ஜாதியில் ஆண் பூனை இருப்பதாகக் கால்நடை டாக்டர் சொன்னார். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அந்த வீட்டுக்காரர் என்னிடம் பூனையின் அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் கேட்டார். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை. பேப்பரை நீட்டினேன், சம்பந்தம் முடிந்தது.

கலா கேட்ட ஒன்று

குட்டிகள் பிறந்தன. ஆரஞ்சாக இருந்தது மாம்பழம். இளஞ்சிவப்பும் வெளுப்புமாக இருந்தது வெங்காயத்தோல். சாம்பல் நிறத்துக்கு யானை. எல்லாம் புடவைக் கலர் பேர்கள்தான். கடைசியாகப் பிறந்த வெள்ளைக்குக் கண் திறந்தபோது ஒன்று நீலம், ஒன்று தேன். ஒரு பக்கக் கரை ஒரு நிறமும் மறுபக்கக் கரை வேறு நிறமுமாக நெய்தால் அதைக் கங்கா ஜமுனா என்போம். யோசிக்கவே இல்லை. அதே பேரை வைத்தேன். கலா அதை ஜமுனா என்று சுருக்கிக்கொண்டாள்.

ஜமுனா நோஞ்சான். மற்ற மூன்றும் அதைத் தள்ளிவிட்டுப் பால் குடித்தன. கலா சொட்டுமருந்துக் குழாயில் பால் ஊட்டினாள். பால் கொடுக்கும் முன்னால் பக்கத்தில் தரையைத் தட்டுவாள். எந்த மூலையில் இருந்தாலும் அது குடுகுடுவென்று வரும். நான் அதைச் செல்லம் கொஞ்சுகிற வழி என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. அந்தப் பொதுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் ஜமுனா தூங்கும். "பாத்தியா, பட்டுக் கடைக்காரன் வீட்டுப் பூனை. தறிச் சத்தம் கேட்டாதான் தூக்கம் வருது" என்று நான் தெருவெல்லாம் பெருமை அடித்தேன். கலா சிரிக்கவில்லை.

குட்டிகள் பால் மறந்து தானாகச் சாப்பிட ஆரம்பித்து, ஊசியும் போட்டாகிவிட்டது. விற்பது என்று முடிவானதும் கலா சொன்னாள். "மத்தது மூணும் நீங்க இன்னா வேணா பண்ணுங்க. ஜமுனா விக்கிறதுக்கு இல்ல. அது எனக்கு."

எத்தனையோ ஆயிரம் புடவை என் கை வழியாகப் போயிருக்கிறது. அதில் ஒன்றைக்கூட அவள் 'இது எனக்கு' என்று கேட்டதில்லை. தீபாவளிக்கு நான் எடுத்து வந்ததைக் கட்டிக்கொள்வாள், அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கு உள்ளூர ஜில்லென்று சந்தோஷமாக இருந்தது. "எடுத்துக்க, உனக்கில்லாததா" என்று அள்ளிக் கொடுத்தேன்.

பூனைப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அவ்வளவுதான், போன் சூடாகிவிட்டது. கடையில் லீவு சொன்னேன். வீட்டிலேயே, என் விரிப்பில், முதலாளி இல்லாமல், நானே விற்கப் போகிறேன். முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

போணி

இப்போது மறுபடி வேட்டிக்கு வருவோம். நடுவில் ஜமுனா, எதிரில் பாய்.

"பாய், இது விக்கிறதுக்கு இல்ல," என்றேன்.

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "யார்கிட்டப்பா இந்த வேலை?"

பட்டுக் கடையில் நாங்கள் நல்ல புடவையை முதலில் எடுப்பதே இல்லை. சுமாரானதை விரித்து, நடுத்தரமானதை விரித்து, வந்தவர்கள் சலித்து எழுந்திருக்கப் போகும் நேரத்தில், பின்னால் இருந்து ஒன்றைத் தவறிப்போய் எடுத்த மாதிரி எடுப்போம். உடனே மடிப்போம். 'ஐயோ, இது வேற பார்ட்டிக்கு எடுத்து வெச்சதும்மா, விக்கிறதுக்கு இல்ல' என்போம். அந்தப் புடவையை வாங்காமல் அவர்கள் போனதாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் கடையில் இந்த வார்த்தையை என்னைப் போலச் சொல்ல ஆள் இல்லை. பாய் எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு ரசித்திருக்கிறார்.

"சத்தியமா பாய். வீட்ல வெச்சுக்கப் போறோம்."

"வீட்ல வெச்சுக்கப் போற மாலதான் நீ கடைசியில எடுப்ப. எனக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னாடி இருந்து வர வெச்ச பாரு, அங்க நிக்கிறப்பா நீ."

"என் வீட்டுக்காரி கேட்டது பாய்."

"போன மாசம் ஒரு அம்மாகிட்ட இதையேதான சொன்ன. 'என் சம்சாரத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன்'னு."

சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா அந்தப் புடவையைத்தான் எடுத்துக்கொண்டு போனார். நிஜத்தைச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் கடையில் செலவழித்துவிட்டிருந்தேன்.

பாய் பணத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

இங்கேதான் என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். அது போணி. நாளின் முதல் வியாபாரம். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய பொழுது விளங்காது என்பது எங்கள் முதலாளிக்கு வேதம். நஷ்டப்பட்டாவது கொடுத்தனுப்பு என்பார். பணம் உள்ளங்கையில் பட்டதும் கை தானாக மேலே போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கண்ணில் ஒற்றியாகிவிட்டால் வியாபாரம் முடிந்தது. நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் பாய் ஜமுனாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "மாஷா அல்லா, இன்னா கண்ணுப்பா" என்றபடி தெருவில் இறங்கிவிட்டார்.

பட்பட்

கலா வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். வந்தாள், ஆனால் தனியாக வரவில்லை. திருப்புட்குழியிலிருந்து வந்த கிரேஸ் டீச்சர் தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார், கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

டீச்சர் உட்கார்ந்தார். என்னை அறியாமல் எனக்குள் கடை திறந்துகொண்டது. யானையைக் காட்டினேன், வெங்காயத்தோலைக் காட்டினேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கியதும் மாம்பழத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினேன். "வெயில்ல பாருங்க டீச்சர், கலரு எப்படி எடுத்துக் குடுக்குதுன்னு." மாம்பழம் வெயிலில் தங்கமாக மின்னியது. டீச்சர் குழந்தை மாதிரி கையை நீட்டினார்.

அவர் போவதற்குள் தாமலிலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிற புதுசாகக் கல்யாணமான ஜோடி பைக்கில் வந்து இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு வெங்காயத்தோல் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு யானை. "வீட்டம்மா எதைத் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்களோ அதை எடுத்துக்கோங்க சார், வாழ்க்கை பூரா நிம்மதி" என்றேன். அந்தப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வெங்காயத்தோலை வாங்கிக்கொண்டான். நான் பறந்துகொண்டிருந்தேன். முகூர்த்த நாளில் கடையில்கூட எனக்கு அவ்வளவு உற்சாகம் வந்ததில்லை. கலாவும் டீ கொடுத்துக்கொண்டே சிரித்தாள். என்ன மனுஷன் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருந்தது எனக்கு.

பைக் சத்தம் தேய்ந்தது. கலா உள் அறைக்குள் போனாள். பட்பட்டென்று தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்புறம் வேகமாக, விடாமல்.

வெளியே வந்தாள். "எங்க?"

"அன்வர் பாய் வந்தாரும்மா... போணி..."

"போணியா?"

"நான் விக்கிறதுக்கு இல்லன்னுதான் சொன்னேன். அவரு நம்பல. நான் வேட்டிய விரிச்சுத் தட்டினேன், அது எங்க இருந்தோ நேரா வந்து உக்காந்துக்கிச்சு..."

கலா என்னையே பார்த்தாள். "தட்டினா வராம இன்னா பண்ணும்? அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்யா. அதுக்குக் காது கேக்காது."

தறிச் சுவர் நினைவுக்கு வந்தது. சுவரின் அதிர்வுக்காகத்தான் அது அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தெருவெல்லாம் தறிச் சத்தம் என்று பெருமை அடித்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? டேமேஜுன்னு தனியா மடிச்சு வெச்சிருப்ப."

அவள் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். எங்கள் தொழிலில் ஒரு இழை விட்டிருந்தாலும் பில் போடுவதற்கு முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். காட்டாமல் கொடுப்பவன் மூஞ்சியில் யாரும் முழிக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் இரண்டு பேருக்கு ஆகாதவனாக இருந்தேன். ஒருவர் பூனையோடு போன பாய், இன்னொருத்தி எதிரிலேயே நின்றாள்.

"கெளம்பு. யானைய குடுத்துட்டு மாத்தி எடுத்துட்டு வந்துடலாம்," என்றேன்.

தையல் மிஷின்

யானையைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போனோம். பின்னால் உட்கார்ந்த கலா என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அன்வர் பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "அட அல்லா. நான் நெசமாவே நீ வேலை காட்டறன்னு நெனச்சேம்பா. எடுத்துக்கினு போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா..." என்று உள்ளே கையைக் காட்டினார்.

உள்ளே ஷமீம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அனுப்ப ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். மிஷினின் மிதிபலகையை ஒட்டி, இரும்புச் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஜமுனா அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாய் மனைவியை அண்ணி முறை வைத்துப் பாபி என்றுதான் கூப்பிடுவேன். "பாபி, ஒரு தப்பு நடந்துபோச்சு. இந்தக் குட்டிக்கு..."

"காது கேக்காது," என்றார் ஷமீம். மிதிப்பதை நிறுத்தவில்லை. "கூப்ட்டா திரும்பல. சமையக்கட்டுல தட்டு விழுந்துச்சு, அசையல. அப்பவே புரிஞ்சிபோச்சு. இங்க வந்து மிஷின மிதிச்சேன், எங்கயோ இருந்தது ஓடி வந்துடுச்சு."

"டேமேஜ காட்டாம குடுத்துட்டேன் பாபி. வேற நல்லதா ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

ஷமீம் தையலிலிருந்து தலையைத் தூக்கினார். "எது டேமேஜு?"

நான் யானை இருந்த பையை முன்னால் நீட்டினேன்.

"நான் தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன். இத தரமாட்டேம்பா. இது விக்கிறதுக்கு இல்ல."

அதே வார்த்தை. என் ஆயுசில் நான் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அது உண்மையாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். குரலில் ஒரு ஏற்றமும் இல்லை, பக்கவாட்டுப் பார்வையும் இல்லை.

பாய் சங்கடத்தோடு நடுவில் புகுந்தார். "ஷமீம், இவங்கதான் அத பாலூத்தி வளத்தவங்க. அவங்களுக்குன்னு வெச்சிருந்தது."

ஷமீமின் முகம் மாறியது. கலாவைப் பார்த்தார். "அப்டியா, தெரியாதும்மா எனக்கு," என்றார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு மிதியிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தார்.

மிஷின் நின்றது. ஜமுனா விழித்துக்கொண்டது. தலையைத் தூக்கி அந்த இரண்டு நிறக் கண்ணாலும் சுற்றுமுற்றும் பார்த்தது.

கலா கீழே உட்கார்ந்தாள். எனக்குத் தெரியும், ஒரு தட்டுப் போதும், அது அவள் மடியில் இருக்கும். அவள் கை தரைக்குப் போனது. உள்ளங்கை விரிந்து, தரைக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. நான் மூச்சு விடவில்லை. ஷமீமும்தான்.

கலா தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கால எடுக்காதீங்கக்கா," என்றாள். "தூங்கட்டும்."

ஷமீம் அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். ஊசியில் துணி இல்லை. சும்மாவே மிதித்தார். ஜமுனா சட்டத்தில் முதுகை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பாய் டீ சொல்ல எழுந்து போனார்.

அதன் பிறகு எங்களை விடவே இல்லை. பால் எவ்வளவு, மீன் கொடுக்கலாமா, ரோமத்தை எப்படிச் சீவுவது என்று ஷமீம் கேட்கக் கேட்கக் கலா சொல்லிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது, "நெனச்சப்பலாம் வாம்மா. வந்து தட்டு" என்றார் ஷமீம். கலா தலையை ஆட்டினாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டதை எனக்குக் காட்டாமல் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியில் கடைப் பை. பைக்குள்ளிருந்து யானை தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தது. சிக்னலில் நின்றோம். பக்கத்து பைக்கில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"பெர்ஷியனா சார்? குடுக்கறதுக்கா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. திறந்தும்விட்டேன்.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க," என்றாள் கலா பின்னாலிருந்து.

அந்த ஆள் விலை கேட்கவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார்.